தற்கொலை எண்ணத்தோடு இருப்பவரைக் காப்பதும் சிகிச்சைக்குக் கொண்டுவருவதும்: மதுரை வட்டாரக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கோ உங்கள் வீட்டில் ஒருவருக்கோ இந்த நேரத்திலேயே கடுமையாக இருந்தால், மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். முதலில் 14416 என்ற எண்ணை அழையுங்கள். இது 'டெலி மானஸ்' என்னும் அரசு மனநலத் தொலைபேசி சேவை. கட்டணம் கிடையாது, இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம். தமிழ்நாடு அரசின் 104 எண்ணிலும், 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தின் 044-24640050 எண்ணிலும் உதவி கிடைக்கும். உடலுக்கு ஏற்கெனவே தீங்கு நேர்ந்துவிட்டிருந்தால் இவை எதற்கும் முன்பாக 108-ஐ அழைக்க வேண்டும். பேசி முடிக்கும் வரையிலும், அதன் பிறகும், அவரைத் தனியே விடாதீர்கள். நீங்களே அந்த நிலையில் இருந்தால் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டியாவது ஒரு மனிதர் இருக்கும் இடத்துக்குப் போய்விடுங்கள்.

இந்த வழிகாட்டி வயது வந்தோருக்கானது. பிள்ளைகளின் தேர்வு முடிவு நாளில் செய்தித்தாள்கள் எச்சரிக்கை வெளியிடுகின்றன. நாற்பது வயதில் கடன் சுமையோடு இருக்கும் ஒரு கொத்தனாருக்கோ, எழுபது வயதில் முழங்கால் வலியோடு மூத்த மகன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் ஒரு அப்பத்தாவுக்கோ அப்படி ஒரு நாள் குறிக்கப்படுவதில்லை. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கின்படி 2022-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,70,924 பேர் தற்கொலையால் இறந்தனர். அவர்களில் 19,834 பேர் தமிழ்நாட்டைச் சேர்ந்தவர்கள். ஒரு லட்சம் பேருக்கு 12.4 என்பது நாட்டின் விகிதம். நம் மாநிலத்தில் அது 25.9. இறந்தவர்களில் பத்தில் ஏழு பேர் ஆண்கள். நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலிகள். காரணங்களாகப் பதிவானவற்றில் குடும்பப் பிரச்சினை முதலிடத்திலும் நோய் இரண்டாம் இடத்திலும் உள்ளன. காவல்துறைப் பதிவேட்டில் ஒருவருக்கு ஒரு காரணம்தான் எழுதப்படும். உண்மையில் கடன், குடி, நாள்பட்ட வலி, வீட்டில் ஒரு சொல், தூக்கமில்லாத பத்து இரவுகள் என்று பல சேர்ந்துதான் ஒருவரை அந்த விளிம்புக்குத் தள்ளுகின்றன.

படிகளுக்குள் போகும் முன் ஒன்றை மனத்தில் பதித்துக்கொள்வது நல்லது. சாக வேண்டும் என்ற எண்ணம் உள்ளவர் பெரும்பாலும் சாவை விரும்புவதில்லை; தாங்க முடியாத ஒரு வேதனை நிற்க வேண்டும் என்று விரும்புகிறார். வாழ ஆசைப்படும் மனமும் சாக நினைக்கும் மனமும் ஒரே ஆளுக்குள் ஒரே நேரத்தில் இருக்கின்றன. எண்ணத்தின் உச்சமோ அலை போல எழுந்து, சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ தணியக்கூடியது. அந்த அலை எழும்போது ஒரு மனிதர் பக்கத்தில் இருப்பதும், ஆபத்தான பொருள் கைக்கெட்டாமல் இருப்பதுமே உயிரைக் காக்கின்றன. கீழே சொல்லப்படும் ஒவ்வொரு படியும் இந்த உண்மையிலிருந்து வருவதுதான்.

அறிகுறிகளைக் கேட்கும் காது

நம் ஊரில் எவரும் வந்து "எனக்குத் தற்கொலை எண்ணம் வருகிறது" என்று சொல்வதில்லை. "வெறுத்துப் போச்சு", "ஒரேடியாப் போய்ச் சேர்ந்துட்டா நல்லது", "இனிமே யாருக்கும் பாரமா இருக்க மாட்டேன்", "நான் இல்லாட்டியும் பிள்ளைகளைப் பாத்துக்க மாட்டீகளா" என்றுதான் சொல்வார்கள். வயதானவர்கள் "எமன் எனக்கு மட்டும் வழி தெரியாம நிக்கிறான்" என்று சிரித்துக்கொண்டே சொல்வதும் உண்டு. அந்தச் சிரிப்பை நம்பிக் கடந்துபோய்விடக் கூடாது. சாகப் போகிறவர் சொல்லிக்கொண்டிருக்க மாட்டார் என்பது தவறான நம்பிக்கை. இறந்தவர்களில் பலர் அதற்கு முந்தைய நாட்களில் யாரிடமாவது ஏதோ ஒரு வகையில் சொல்லியிருக்கிறார்கள்.

பேச்சைக் காட்டிலும் நடத்தையில் கவனம் தேவை. விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, சாப்பாடு குறைவது, மாட்டுத்தாவணிப் பூ மார்க்கெட்டுக்குத் தவறாமல் போய்வந்தவர் கடையைத் திறக்காமல் இருப்பது, குடி திடீரென்று கூடுவது, சீட்டுப் பணம், அடகு ரசீது, நிலப் பத்திரம் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அடுத்தவரிடம் ஒப்படைப்பது, தூரத்து உறவினர் வீட்டுக்குக் காரணமின்றிப் போய் விடைபெறுவது போல் பேசிவிட்டு வருவது ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பல வாரங்களாக இடிந்துபோயிருந்தவர் ஒரு நாள் காரணம் எதுவுமின்றி அமைதியாகிவிட்டால், தேறிவிட்டார் என்று வீட்டார் மூச்சு விடுகிறார்கள். சில சமயம் அது ஒரு முடிவை எடுத்துவிட்டதால் வந்த அமைதியாக இருக்கும். அந்த நாளில்தான் நேரடியாகக் கேட்க வேண்டும்.

முன்பு ஒரு முறை முயன்றவருக்கே ஆபத்து மிக அதிகம். "அன்னைக்குச் சும்மா பயமுறுத்தத்தான் செஞ்சாரு" என்று அந்த முயற்சியை வீட்டார் சிறிதாக்கிப் பேசுவதை ஏற்றுக்கொள்ள வேண்டாம். மனச்சோர்வு, இருதுருவ மனநோய் (மிகை உற்சாகமும் ஆழ்ந்த சோர்வும் மாறி மாறி வருவது), மனச்சிதைவு (இல்லாத குரல் கேட்பது, ஆதாரமில்லாத சந்தேகம் போன்றவை வருவது), மது அடிமைத்தனம், ஆறாத வலி, புற்றுநோய் போன்ற பெரிய நோய் கண்டறியப்பட்ட முதல் சில மாதங்கள், பிரசவத்துக்குப் பிந்தைய மாதங்கள், துணையை இழந்த காலம் ஆகிய எல்லாமே கூடுதல் கவனத்துக்குரியவை.

நேராகக் கேட்டுவிடுங்கள்

கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோமோ என்ற அச்சம்தான் பெரும்பாலான குடும்பங்களின் வாயைக் கட்டிப்போடுகிறது. இந்த அச்சம் தேவையற்றது. கேட்பதால் எண்ணம் உண்டாவதில்லை என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்பத் தெரிந்த ஒன்று. அதுவரை தனியே சுமந்ததை இறக்கிவைக்க ஓர் இடம் கிடைத்தது என்று பலர் அழுதுவிடுகிறார்கள்.

கேட்பதற்குத் தனிமையான இடம் வேண்டும். கூட்டுக் குடும்பத்தில் அது எளிதில்லை என்பதால், மொட்டை மாடியை விட்டுவிட்டு, வயல் வரப்பிலோ கண்மாய்க் கரையிலோ அல்லாமல், வீட்டுத் திண்ணையிலோ கோயில் பிராகாரத்திலோ உட்காருங்கள். இடம் பாதுகாப்பானதாக இருக்க வேண்டும் என்பதால்தான் இதைச் சொல்கிறேன். கேட்பவர் குடும்பத் தலைவராக இருக்க வேண்டிய அவசியமில்லை. துயரத்தில் இருப்பவர் யாரிடம் மனம்விட்டுப் பேசுவாரோ அவரே கேட்க வேண்டும். அப்பாவிடம் பேசாத மகன் தாய்மாமனிடம் பேசுவான். கணவனிடம் சொல்லாததை மதினியிடம் சொல்லும் பெண்கள் உண்டு.

"அண்ணே, கொஞ்ச நாளா நீங்க சரியாச் சாப்பிடுறதில்ல, யார்கிட்டயும் முகம் கொடுத்துப் பேசுறதுமில்ல. இம்புட்டுக் கஷ்டத்துல இருக்கவங்களுக்குச் செத்துப்போயிரலாம்னுகூடத் தோணும். உங்களுக்கு அப்படித் தோணுதாண்ணே?" என்று கேட்டால் போதும். "அப்படியெல்லாம் தப்பா எதுவும் நினைக்கலையே?" என்று கேட்டால், இல்லை என்ற பதிலை நாமே அவர் வாயில் வைத்துவிடுகிறோம். "ஆமா" என்று அவர் சொன்னால் பதறாமல், "எங்கிட்டச் சொன்னீகளே, அதுவே பெருசு. எப்ப இருந்துண்ணே?" என்று அடுத்த கேள்விக்குப் போகலாம். பெரும்பாலான நேரம் கேட்டுக்கொண்டிருப்பதுதான் நம் வேலை. நடுவில் வரும் மௌனத்தை நிரப்ப வேண்டியதில்லை.

சில வாக்கியங்களை, எவ்வளவு அன்போடு தோன்றினாலும், சொல்லாமல் இருப்பது நல்லது. "உனக்கு என்ன குறைச்சல்", "ஊரு என்ன பேசும்", "தற்கொலை பண்ணா ஆவியா அலைய வேண்டியதுதான்", "பிள்ளைக மூஞ்சியப் பாத்தாவது திருந்து" என்பவை அவரை மேலும் குற்ற உணர்வுக்குள் தள்ளுகின்றன. பிள்ளைகளுக்கே தான் பாரம் என்று நம்பிக்கொண்டிருப்பவரிடம் பிள்ளைகளைக் காட்டுவது சில நேரம் எதிராகவே முடியும். தலையில் அடித்துச் சத்தியம் வாங்குவதும் பயன் தராது. "யார்கிட்டயும் சொல்லிராதீக" என்று அவர் கேட்டால் ஒப்புக்கொள்ளாதீர்கள். "ஊருக்குச் சொல்ல மாட்டேன். ஆனா உங்க உசுரக் காப்பாத்த யார்கிட்டச் சொல்லணுமோ அவங்ககிட்ட, உங்களையும் வச்சுக்கிட்டே சொல்லுவேன்" என்பது நேர்மையான பதில்.

எவ்வளவு அவசரம் என்று அறிதல்

எண்ணம் உண்டு என்று தெரிந்தபின் நான்கு செய்திகளைக் கேட்டறிய வேண்டும்: எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா, அதற்கான பொருள் கைவசம் உள்ளதா, நாள் நேரம் ஏதும் மனத்தில் உள்ளதா, முன்பு முயன்றிருக்கிறாரா. விவரங்களைத் தோண்டித் தோண்டிக் கேட்க வேண்டாம். இருக்கிறதா இல்லையா என்று தெரிந்தால் போதும்.

"செத்தா நல்லது" என்ற நினைப்பு வந்து வந்து போகிறது, திட்டம் எதுவும் இல்லை என்றால், இரண்டு மூன்று நாட்களுக்குள் மனநல மருத்துவரிடம் அழைத்துப் போகலாம். அதுவரை தினமும் ஒருவர் பேச்சுக் கொடுக்க வேண்டும். வழி யோசித்திருக்கிறார், ஆனால் இப்போதைக்குச் செய்யப் போவதில்லை என்கிறார் என்றால், அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீட்டில் ஒருவர் கூடவே இருக்க வேண்டும். திட்டம், பொருள், நேரம் மூன்றும் சேர்ந்திருந்தாலோ, அவர் குடிபோதையில் இருந்தாலோ, சாகச் சொல்லும் குரல் காதில் கேட்கிறது என்றாலோ, அந்த நிமிடமே ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டும். காலை ஓ.பி. திறக்கட்டும் என்று காத்திருக்கக் கூடாது. அவசரப் பிரிவு இரவிலும் திறந்துதான் இருக்கிறது. இந்த மூன்றாம் நிலையில் இருப்பவர் கழிவறைக்குப் போனாலும் உள்தாழ்ப்பாள் போடாதபடி ஒருவர் வெளியே நிற்க வேண்டும். சங்கடமாகத்தான் இருக்கும், அந்தச் சங்கடத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

வீட்டையும் தோட்டத்தையும் பாதுகாப்பாக்குதல்

பேச்சுக்கும் மருந்துக்கும் கொடுக்கும் முக்கியத்துவத்தை இந்தப் படிக்கும் கொடுக்க வேண்டும் என்று வலியுறுத்திச் சொல்வேன், ஏனென்றால் செலவே இல்லாமல் அன்று மாலைக்குள் செய்து முடிக்கக்கூடியது இது. ஒரு வழி அடைபட்டால் இன்னொரு வழியைத் தேடிக்கொள்வார் என்று நினைக்கிறோம். பெரும்பாலோர் அப்படித் தேடுவதில்லை, அலை தணிந்துவிடுகிறது. இலங்கை அரசு கொடிய நச்சுத்தன்மை கொண்ட பூச்சி மருந்துகளைப் படிப்படியாகத் தடை செய்தபின் அந்த நாட்டின் தற்கொலை விகிதம் பாதிக்கும் கீழே இறங்கியது. தமிழ்நாட்டிலேயே காட்டுமன்னார்கோயில் பகுதிக் கிராமங்களில், பூச்சி மருந்தை வீட்டில் வைக்காமல் ஊருக்குப் பொதுவான ஒரு கட்டடத்தில் பெட்டகங்களில் பூட்டி வைக்கும் முறையைச் செய்து பார்த்திருக்கிறார்கள். விவசாயிகள் அதை மனமுவந்து ஏற்றுக்கொண்டார்கள், பலனும் தெரிந்தது.

மேலூர், உசிலம்பட்டி, வாடிப்பட்டிப் பக்கம் நெல்லும் மல்லிகையும் போடும் வீடுகளில் பூச்சி மருந்து அடுப்பங்கரைப் பரணில் இருப்பதை நாம் பார்த்தே வளர்ந்தோம். தேவைப்படும் அளவை மட்டும் அன்றன்று வாங்குங்கள். மிச்சத்தை வீட்டில் வைக்காமல், நம்பிக்கையான வேறொருவர் பொறுப்பில் பூட்டி வையுங்கள், சாவி அவரிடமே இருக்கட்டும். மாத்திரைகளையும் அப்படியே செய்ய வேண்டும்: சர்க்கரை, இரத்த அழுத்தம், தூக்கம், மனநலம் எதற்கானதாக இருந்தாலும் மொத்தமாக அவர் கையில் இருக்கக் கூடாது, ஒரு வாரத்துக்கானதை மட்டும் எழுதித் தரும்படி மருத்துவரைக் கேளுங்கள், அன்றைய மாத்திரையை அன்று எடுத்துக் கொடுங்கள். வீட்டில் மது இருக்க வேண்டாம். இவற்றை அவருக்குத் தெரியாமல் ஒளித்துச் செய்வதைவிட, "கொஞ்ச நாளைக்கு இதையெல்லாம் நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிச் செய்வது நல்லது.

முயற்சி நடந்துவிட்டால்

108-ஐ அழைத்துவிட்டு, மூச்சும் நினைவும் இருக்கின்றனவா என்று பாருங்கள். நினைவில்லாமல் மூச்சு இருந்தால் இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எதையாவது குடித்துவிட்டார் என்றால் உப்புத் தண்ணீர், சாணிக் கரைசல், மோர், முட்டை எதையும் கொடுக்காதீர்கள். விரலை விட்டு வாந்தி எடுக்கவும் வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போய்விட்டால் அதுவே உயிருக்கு ஆபத்து. உடையில் சிந்தியிருந்தால் அதைக் களைந்து உடம்பைத் தண்ணீரால் கழுவுங்கள். கழுவுகிறவர் கையில் உறை மாட்டிக்கொள்ள வேண்டும். என்ன பொருள் என்று தெரிந்தால் அதன் பாட்டிலையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். பார்ப்பதற்கு நன்றாக இருக்கிறாரே என்று வீட்டிலேயே வைத்துக்கொள்வது பெருந்தவறு. முதல் நாள் நன்றாகத் தெரிந்து, பின்னர் ஈரலும் சிறுநீரகமும் கெட்டுப்போகும் நிலைகள் உண்டு.

மருத்துவரிடம் உண்மையைச் சொல்லுங்கள். மானம் போய்விடும், கேஸாகிவிடும் என்ற பயத்தில் "தெரியாமக் குடிச்சுட்டாரு" என்று சொல்லும் குடும்பங்களை நான் மறுபடி மறுபடி பார்த்திருக்கிறேன். அந்த ஒரு பொய்யால் மனநல மருத்துவர் அந்த நோயாளியைப் பார்க்காமலேயே போய்விடுகிறது. சட்டம் இப்போது மாறிவிட்டது. 2018 மே 29 முதல் நடைமுறையில் உள்ள மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017-இன் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது என்கிறது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்றும் சொல்கிறது. முயற்சியைக் குற்றமாக்கிய, பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவு, அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா என்னும் புதிய சட்டத்தில் இடம்பெறவில்லை. ஆஸ்பத்திரியில் காவல்துறைக்குத் தகவல் போவதும் போலீஸ்காரர் வந்து வாக்குமூலம் வாங்குவதும் நடக்கலாம். அது வழக்கமான நடைமுறை, அதைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

உடல் தேறியவுடன் மருத்துவமனையிலிருந்து அழைத்துப் போகத் துடிப்பீர்கள். "மனநல மருத்துவர் பாத்த பிறகுதான் டிஸ்சார்ஜ் வாங்குவோம்" என்று உறுதியாகச் சொல்லுங்கள். வீடு திரும்பிய முதல் சில வாரங்களே மறுமுயற்சிக்கான ஆபத்து மிகுந்த காலம். சிகிச்சைக்கு அவர் மறுத்து, உயிருக்கு உடனடி ஆபத்தும் இருந்தால், நெருக்கடிச் சிகிச்சை தரவும், குறிப்பிட்ட காலத்துக்கு ஆதரவோடு உள்நோயாளியாக வைத்திருக்கவும் அதே சட்டத்தில் இடமுண்டு. மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மதுரையில் எங்கே போவது

ஊரே பெரியாஸ்பத்திரி என்று அழைக்கும் அரசு இராசாசி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. அவசரப் பிரிவு நாள் முழுதும் இயங்குகிறது. சிகிச்சையும் மருந்தும் இலவசம். மாவட்ட மனநலத் திட்டத்தின்கீழ் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கு மனநல மருத்துவர் குறிப்பிட்ட நாட்களில் வருவார். மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிக்காரர்கள் பேருந்து ஏறும் முன் தங்கள் ஊர் மருத்துவமனையில் அந்த நாளைக் கேட்டு வைத்துக்கொண்டால் ஒரு நாள் கூலி மிஞ்சும். 1992 முதல் மதுரையில் மனநோய்ச் சிகிச்சையிலும் மறுவாழ்விலும் ஈடுபட்டுள்ள எம்.எஸ். செல்லமுத்து அறக்கட்டளையையும் அணுகலாம். மருத்துவக் காப்பீடு வைத்திருப்பவர்கள், உடல்நோய்க்கு இணையாக மனநோய்க்கும் காப்பீடு தரப்பட வேண்டும் என்று சட்டம் சொல்வதை நினைவில் கொள்ளுங்கள்.

பாண்டி கோயிலுக்கோ கோரிப்பாளையம் தர்காவுக்கோ நேர்ந்துகொள்வதை நிறுத்தச் சொல்லி நான் எவரையும் கேட்டதில்லை. போய்வந்தால் மனம் ஆறுகிறது என்றால் போய்வாருங்கள். மாத்திரை நேரம் மட்டும் தவற வேண்டாம். கோடாங்கி குறி சொல்லும்வரை, செய்வினை எடுக்கும்வரை என்று சிகிச்சையைத் தள்ளிப்போடுவதும், ஆளைக் கட்டிப்போடுவதும் கூடவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை அடுத்த காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளில் 28 பேர் தீயில் மாண்டதை நம் வட்டாரம் மறக்க முடியாது.

சிகிச்சை என்றால் என்ன

மனச்சோர்வுக்கான மாத்திரைகள் தூக்க மாத்திரைகள் அல்ல, அடிமையாக்குபவையும் அல்ல. அவை முழுமையாக வேலை செய்ய இரண்டு முதல் நான்கு வாரம், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். மனம் தெளிவதற்கு முன்பே உடம்பில் சுறுசுறுப்பு வந்துவிடுவது உண்டு என்பதால், இந்த இடைக்காலத்தில் கண்காணிப்பைத் தளர்த்தக் கூடாது. 25 வயதுக்கு உட்பட்டவர்களிடம் தொடக்க வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடினால் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும். "நல்லாத்தான் இருக்கேன்" என்று ஆறாவது வாரத்தில் மாத்திரையை நிறுத்துவதுதான் நான் அதிகம் கண்ட தவறு. தேறிய பிறகும் குறைந்தது ஆறு மாதமாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்லும்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

இருதுருவ மனநோய் உள்ளவர்களிடம் லித்தியம் என்னும் மருந்து தற்கொலையைக் குறைக்கிறது. இரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். மனச்சிதைவு உள்ளவர்களிடம் குளோசபின் என்னும் மருந்து அதே பலனைத் தருகிறது. அதற்கு இரத்த வெள்ளணு எண்ணிக்கைப் பரிசோதனை கட்டாயம். சாப்பிடாமல், பேசாமல், சாவதிலேயே குறியாக இருப்பவருக்கு மருந்து வேலை செய்யும்வரை காத்திருக்க நேரமில்லாதபோது மருத்துவர் மின் அதிர்வுச் சிகிச்சையைப் பரிந்துரைக்கலாம். 'ஷாக்' என்றதும் படங்களில் பார்த்த காட்சி நினைவுக்கு வரும். இன்று மயக்க மருந்தும் தசைத் தளர்வு மருந்தும் இல்லாமல் அதைத் தருவதைச் சட்டமே தடை செய்திருக்கிறது. விரைவாகப் பலன் தரும் சிகிச்சை அது. அந்த நாட்களின் நினைவுகள் சில மங்கலாகலாம் என்பதையும் மருத்துவரிடம் பேசித் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள்.

மருந்தோடு உளவியல் சிகிச்சையும் வேண்டும். "எனக்கு விடிவே இல்லை" என்ற எண்ணத்தைப் பிடித்து ஆராய்ந்து மாற்றப் பழக்குவது ஒரு முறை. உணர்ச்சி கொந்தளிக்கும்போது தன்னைக் காயப்படுத்திக்கொள்ளாமல் கடந்துபோகப் பயிற்சி தருவது இன்னொரு முறை. வாரம் ஒன்றாகப் பல அமர்வுகள் ஆகும். குடி இருந்தால் அதற்கும் சேர்த்தே சிகிச்சை. திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் குழப்பமும் வரலாம் என்பதால் குடியை மருத்துவர் மேற்பார்வையில்தான் நிறுத்த வேண்டும்.

மாத்திரை கடனை அடைக்காது, அடியை நிறுத்தாது. கந்துவட்டிக்கு எதிராக 2003-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. கடன் நிறுவனங்களின் கட்டாய வசூலைத் தடுக்க 2025-இல் தமிழ்நாடு தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. வட்டிக்காரர் வாசலில் நின்று மிரட்டினால் காவல்துறையிலும், வழக்கறிஞருக்குப் பணமில்லை என்றால் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிலும் முறையிடலாம். வீட்டில் வன்முறைக்கு ஆளாகும் பெண்கள் 181-ஐயும், கைவிடப்பட்ட முதியோர் 14567-ஐயும் அழைக்கலாம். நோயாளியை இந்த அலைச்சலுக்கு அனுப்பாமல், உறவினர் ஒருவர் அதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வது மிகப் பெரிய உதவி.

ஒரு தாளில் எழுதும் பாதுகாப்புத் திட்டம்

அலை எழும் நேரத்தில் மூளை யோசிக்காது. அதனால் தெளிவாக இருக்கும் ஒரு நாளில், அவரும் நீங்களும் உட்கார்ந்து ஒரு தாளில் எழுதி வைக்க வேண்டும். அவருடைய சொற்களிலேயே, முடிந்தால் அவர் கையாலேயே எழுதட்டும். அலை வருவதற்கு முன் தனக்கு என்ன தெரிகிறது என்பது முதல் வரி: "நெஞ்சு அடைக்கும், பிள்ளைகள் சத்தமே பிடிக்காது." தன்னந்தனியே செய்து மனத்தைத் திருப்பக்கூடியது அடுத்து: குளிப்பது, மாட்டுக்குத் தண்ணி காட்டுவது, பாட்டுக் கேட்பது. பிறகு, விஷயத்தைச் சொல்லாமலேயே போய் மனிதர்களோடு இருக்கக்கூடிய இடம்: தெருமுனை டீக்கடை, சித்தப்பா வீடு. பிறகு, விஷயத்தைச் சொல்லி உதவி கேட்கக்கூடிய இருவர், அவர்களின் தொலைபேசி எண்கள். பிறகு, மருத்துவர், 14416, 108. கடைசியாக, வீட்டில் எந்தப் பொருளை யார் பூட்டி வைத்திருக்கிறார் என்பது. ஒரு பிரதி அவர் சட்டைப் பையில், ஒன்று உங்களிடம். ஒரு வரி பயன்படவில்லை என்று தெரிந்தால் அதை அடித்துவிட்டு வேறொன்றை எழுத வேண்டும்.

ஒன்பது சந்திப்புகள்

உலக சுகாதார நிறுவனம் சென்னை உட்பட ஐந்து நாடுகளின் ஐந்து இடங்களில் ஓர் ஆய்வு நடத்தி, 2008-இல் முடிவை வெளியிட்டது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில் ஒரு பகுதியினருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும் தரப்பட்டது. மற்றவர்களோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசி, வீடு திரும்பிய பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை நேரிலோ தொலைபேசியிலோ தொடர்பு கொண்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 2.2 விழுக்காட்டினர் தற்கொலையால் இறந்தனர். தொடர்பில் இருந்தவர்களில் 0.2 விழுக்காட்டினர் மட்டுமே. பெரிய செலவு எதுவும் இல்லை. ஒருவர் போய், "எப்படி இருக்கீங்க" என்று கேட்டதுதான் வேறுபாடு.

இதை ஒரு குடும்பமே செய்ய முடியும். வீடு திரும்பிய 1, 2, 4, 7, 11-ஆவது வாரங்கள், பிறகு 4, 6, 12, 18-ஆவது மாதங்கள் என்பது அந்த ஆய்வின் கணக்கு. அன்றாடம் வீட்டில் நடக்கும் பேச்சு இதில் சேராது. அந்த நாளில் ஒருவர் அதற்கென்றே வந்து, தனியே உட்கார்ந்து, எண்ணம் திரும்பியதா, மாத்திரை போகிறதா, மருத்துவரை எப்போது பார்த்தீர்கள், தாளில் எழுதியதில் எது உதவியது என்று கேட்க வேண்டும். எண்ணம் திரும்பியிருந்தால் மேலே சொன்ன நான்கு கேள்விகளிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். மனைவியோ அம்மாவோ ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் இரண்டு மாதத்தில் அவரே படுத்துவிடுவார். தாய்மாமன், மதினி, நண்பர், பக்கத்து வீட்டுக்காரர் என்று நான்கு பேர் பிரித்துக்கொள்ளுங்கள். பார்த்துக்கொள்கிறவருக்குத் தூக்கம் போய்விட்டால் அவரும் 14416-இல் பேசலாம்; அந்த எண் அவருக்கும் உரியது.

தினசரி காலண்டரில் தேதிகளைக் குறித்துவிடுங்கள். தை மாதம் வீடு திரும்பியவருக்கு 11-ஆவது வாரம் வரும்போது சித்திரைத் திருவிழா நெருங்கியிருக்கும். ஊரே அழகரைப் பார்க்க வைகைக்குப் போகும் பரபரப்பில் அந்தச் சந்திப்பு விடுபட்டுவிடக் கூடாது, அவருக்கு விருப்பமிருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போகலாம். வைகாசியில் ஒரு முறை, ஆடியில் ஒரு முறை, அடுத்த தையில் ஒரு முறை. அதற்கு அடுத்த ஆடியில் ஒன்பதாவது முறை போகும்போது, பாதுகாப்புத் திட்டம் எழுதிய தாளைக் கொண்டுவரச் சொல்லி, அதில் உள்ள தொலைபேசி எண்கள் இன்னும் சரிதானா என்று இருவரும் ஒவ்வொன்றாக அழைத்துப் பாருங்கள்.